மேட்டுக்கு அந்தாண்ட கடல்

செவ்வாய்க்கிழமை காலை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் மகள் எஸ்தர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். "அப்பா, அத்தை செத்துட்டாங்க" என்றாள். வாய்ப்பாடு பாதியில் நின்றது. பக்கத்து வகுப்பு உபாத்தியாயர் நாசூக்கு தெரிந்த மனிதர். "காலமானார்கள் என்று சொல்லம்மா" என்று மெதுவாகத் திருத்தினார். எஸ்தர் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "அப்படிச் சொன்னா அத்தைக்கே புடிக்காதுங்க ஐயா" என்றாள். பிறகு என்னிடம், "காலையிலதான். நான் பக்கத்துல இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, குளிப்பாட்ட வெந்நீர் வைக்க வேண்டும் என்று திரும்பிப் போய்விட்டாள்.

அத்தை என்று அவள் சொன்னது தங்கச் சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கும் ஊரிகம் லைனில் கடைசி வீட்டுச் சவுரியம்மாளை. எங்களுக்கு உறவில்லை. அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர், நாங்கள் மிஷன் சபை. சுரங்கத்தில் தச்சு வேலை பார்க்கும் சின்னப்பனின் மனைவி என்று சொன்னால் உங்களில் சிலர் யோசிப்பீர்கள். கடல் சவுரி என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பட்டப்பெயரை வைத்தவர்களும் அடக்கத்துக்கு வந்திருந்தார்கள். குழிக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்து நின்று அழுதார்கள். நன்றாகவே அழுதார்கள், குறை சொல்வதற்கில்லை.

இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதுதான் முறை என்று எனக்கும் தெரியும். சவுரியம்மாளைப் பற்றி அப்படி எழுதினால் அவர் எழுந்து வந்து என் பேனாவைப் பிடுங்கிக்கொள்வார். அவர் வாய் பொல்லாத வாய். பெரியவர்களிடம் கொஞ்சம் இரக்கம் காட்டும். பிள்ளைகளிடம் அதுவும் கிடையாது. லைனில் பாதித் தாய்மார்கள் அவரைக் கண்டால் பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த வாய்க்கு முன்னால் வேறொரு சவுரியம்மாள் இருந்தார். அவரைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று அதிகம் பேர் இல்லை.

இந்த ஊருக்கு ரயில் வந்த புதிதில் அவர்கள் வந்தார்கள். புருஷன், பெண்சாதி, நான்கு வயதுப் பையன் ஒருவன். சொந்த ஊர் சதுரங்கப்பட்டினம். சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது. சின்னப்பன் அங்கே கால்வாய்ப் படகுகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு அடுத்த வீட்டில்தான் முதலில் குடியிருந்தார்கள். நடுவில் ஒரு தட்டிச் சுவர். என் மனைவி சாராள் கடலைப் பார்த்தவளே அல்ல. தினமும் சவுரியம்மாளைப் பிடித்து உட்காரவைத்துக் கதை கேட்பாள். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்திக்கொண்டு காதைக் கொடுப்பேன்.

அந்த ஊரில் இடிந்த கோட்டை ஒன்று உண்டாம். அதன் மதில்மேல் ஆடுகள் ஏறி நின்று கடலைப் பார்க்குமாம். சாயங்காலம் வலை இழுத்து முடித்ததும் மணல் முழுக்கப் பொடிமீன் துள்ளுமாம். யார் வேண்டுமானாலும் பொறுக்கலாமாம். வீட்டு வாசலில் நின்று கையை நீட்டினால் காற்று உப்பாக ஒட்டுமாம். பையன் பெயர் லாசர். அப்பன் இழைக்கும் மரச்சுருளை அள்ளிக்கொண்டு போய் அலையில் விடுவான். அலை திருப்பிக் கொண்டுவந்து போட்டால், "வேணாங்குது" என்று ஓடிவந்து சொல்வான். இரவு படுக்க வரும்போது ஒரு கொட்டாங்கச்சியில் கடல் தண்ணீரை மொண்டுகொண்டு வந்து தலைமாட்டில் வைத்துக்கொள்வான். காலையில் அது சிந்திக் கிடந்தால் வீடு இரண்டுபடும். ஒருநாள் சவுரியம்மாள் குடத்துத் தண்ணீரை அதில் ஊற்றி வைத்திருக்கிறார். பையன் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "இது கடல் இல்ல. இது நீ" என்றானாம். இதைச் சொல்லும்போதெல்லாம் சவுரியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். தட்டிக்கு இந்தப் பக்கம் நானும் சிரிப்பேன்.

கால்வாயில் படகு குறைந்தது. வேலை குறைந்தது. ஆள் சேர்க்க வந்த மேஸ்திரி, சுரங்கத்தில் தச்சனுக்கு ராஜமரியாதை என்றார். கிளம்புகிற அன்று லாசர் ஒரு கட்டுமரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அப்பன் அடித்தும் விடவில்லை. சவுரியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, "அங்கயும் கடல் இருக்குதுடா. இதவிடப் பெருசு" என்றார். கயிறு கையிலிருந்து விழுந்துவிட்டது. எந்தத் தாயும் சொல்கிற பொய்தான். நானாக இருந்தால் கப்பலும் இருக்கிறது என்று சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

ரயிலை விட்டு இறங்கியதும், "எங்க கடல்?" என்று கேட்டான். அவர் பதிலைத் தேடுவதற்குள் பையனே தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "கேக்குது" என்றான். கல்லை இடித்துப் பொடியாக்கும் மில்லின் சத்தம் அது. இரவு பகல் ஓயாமல் இடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்கிறவர்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. அந்தப் பையன் காதில் அலையாக விழுந்தது. சவுரியம்மாளுக்கு உயிர் வந்தது. "ஆமாண்டா. தோ, அந்த மேட்டுக்கு அந்தாண்ட" என்று கையைக் காட்டினார். பையன் அன்றைக்கு அழாமல் தூங்கினான்.

அந்த மேடு என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிற்காலத்தில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தங்கத்தை எடுத்துக்கொண்டு மீதியாகும் கல் பொடியைத் தண்ணீரோடு கொண்டுபோய்க் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு. பார்த்தால் நல்ல மணல் போலவே இருக்கும். அதற்குப் பின்னால் கழிவுத் தண்ணீர் தேங்கி ஒரு பெரிய குட்டை. மேலே வெயிலில் காய்ந்து ஏடு கட்டியிருக்கும். உள்ளே ஆள் ஆழத்துக்குச் சேறு.

லைன் முழுவதும் அந்தப் பொய்யில் சேர்ந்துகொண்டது. "இன்னாடா லாசரு, கடலுக்குப் போவலியா?" என்று ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் கேட்பார்கள். "எனுக்கு ரெண்டு மீனு புடிச்சிக்கினு வா" என்பார் ஒருவர். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பெண்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு. பையனும் சளைக்காமல் பதில் சொல்வான். ஒருநாள் மத்தியானம், சவுரியம்மாள் தண்ணீருக்கு வரிசையில் நின்ற நேரத்தில், கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறிவிட்டான்.

ஏட்டின்மேல் சின்னச் சின்னக் காலடிகள் கொஞ்ச தூரம் போயிருந்தன. அவை முடிந்த இடத்தில் கொட்டாங்கச்சி கவிழாமல் உட்கார்ந்திருந்தது. சின்னப்பனைச் சுரங்கத்திலிருந்து மேலே கூப்பிட்டார்கள். யாருக்கோ விபத்து, பலகை போட ஆள் வேண்டும் என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவரும் வேலைப் பெட்டியோடு வந்தார். சேற்றின்மேல் பலகையை நீட்டி, அடுத்த பலகையை நீட்டி, ஊர்ந்து போய், கையை விட்டுத் துழாவி எடுத்தார். எடுத்த பிறகுதான் அவருக்குத் தெரியும். சவப்பெட்டியையும் அவரே செய்தார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது பின்னால் வந்த ஒருத்தி, "லாசருன்னு பேரு வெச்சும் எழுந்து வர்லியே" என்றாள், வேதத்தில் கல்லறையிலிருந்து உயிரோடு எழுந்து வந்த லாசரை வைத்து. இன்னொருத்தி சிரிப்பை அடக்கினாள். சவுரியம்மாள் காதில் அது விழுந்தது. கடல் சவுரி என்ற பெயரும் அந்த வாரமே புழக்கத்துக்கு வந்துவிட்டது. மீன் பிடித்துக்கொண்டு வரச் சொன்னவரே அதை முதலில் வைத்தார் என்று கேள்வி. சின்னப்பன் தன் மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. திட்டியிருந்தால் சவுரியம்மாள் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். கேட்டு வாங்கி, மேட்டுப்பக்கம் இருந்த கடைசி வீட்டுக்குக் குடிபோனார்கள். அதன் பிறகு சதுரங்கப்பட்டினம் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. கதைகள் மட்டும் என் வீட்டில், சாராளிடம் தங்கிவிட்டன.

நம் லைனில் ஒரு வழக்கம் இருக்கிறது. சுரங்கத்தில் ஒருவர் செத்தால் பிள்ளைகளிடம் சொல்லமாட்டோம். ஊருக்கு, குடியாத்தத்துக்குப் போயிருக்கிறார் என்போம். நம் லைனிலிருந்து இப்படிப் போனவர்கள் எல்லோரும் உயிரோடு இருந்தால் குடியாத்தத்தில் நிற்க இடம் இருக்காது. பாறை சரிந்து செத்த ஒருவருடைய பையன், "எங்கப்பா குடியாத்தத்துலேருந்து பம்பரம் வாங்கிக்கினு வருவாரு" என்று தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பெருமையடித்துக்கொண்டிருந்தான். சவுரியம்மாள் குடத்தை இறக்கி வைத்தார். "ஒங்கப்பன் வரமாட்டான்டா. கல்லு வுழுந்து செத்துட்டான். பம்பரம் வேணும்னா நாளைக்கி எங்கூட்டுக்காரரு கடைஞ்சி குடுப்பாரு" என்றார். அந்தப் பையனின் தாய் துடைப்பத்தோடு கடைசி வீட்டு வாசலுக்குப் போனாள். லைனே கூடி வேடிக்கை பார்த்தது. சவுரியம்மாள் நாலு அடி வாங்கிக்கொண்டு சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "புள்ளைங்க நம்பள மாதிரி இல்லம்மா. சொன்னா நம்பும். நம்பினா கெளம்பி நடக்கும்." மறுநாள் பம்பரம் வந்தது. பையன் அதைத் தொடவில்லை.

எஸ்தருக்கு ஐந்து வயதாகும்போது சாராள் இரண்டாவது பிரசவத்தில் போய்விட்டாள், பிள்ளையோடு. நான் என்ன செய்தேன்? எல்லோரும் செய்ததைச் செய்தேன். அம்மா சதுரங்கப்பட்டினத்துக்குப் போயிருக்கிறாள், உடம்பு தேறியதும் வருவாள் என்றேன். உபாத்தியாயன் அல்லவா? பொய்க்கும் பொருத்தமான ஊராகப் பார்த்து எடுத்தேன். தூங்கும் முன் சாராள் அந்த ஊர்க் கதைகளைத்தான் அவளுக்குச் சொல்வாள். ஆடுகள் ஏறும் மதிலும் துள்ளும் மீன்களும் அவளுக்கு மனப்பாடம். அவள் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாளே கடைசி வீட்டுக்குப் போய், என் மகளிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

"கேட்டா இன்னா சொல்றது?" என்றார் சவுரியம்மாள்.

"நான் சொன்னதையே சொல்லுங்கள். நாலு நாளில் மறந்துவிடுவாள்."

"எனுக்கு வராது வாத்தியாரே."

"வராது என்றால் என் வீட்டு வாசலை மிதிக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் மிதிக்கவில்லை. எஸ்தர் மறக்கவும் இல்லை. கடல் எங்கே இருக்கிறது என்று லைன் பிள்ளைகளிடம் விசாரித்திருக்கிறாள். கடல் சவுரி என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். கடல் அவர் வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மத்தியானம் நல்ல பாவாடையை உடுத்திக்கொண்டு, தாயின் சீப்பை ஒரு துணியில் முடிந்துகொண்டு, அம்மாவை அழைத்துவர மேட்டில் ஏறினாள். எந்நேரமும் அந்தப் பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் இல்லாவிட்டால், இந்தச் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்க எனக்கு மகள் இருந்திருக்கமாட்டாள்.

சவுரியம்மாள் அவளைத் தூக்கிக் கொஞ்சவில்லை. சடையைப் பிடித்துக் குட்டை ஓரத்திலிருந்து இழுத்தார். "கடலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஒங்கம்மா செத்துட்டா" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. நேரே எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், புல் முளைக்காத மண்மேட்டின் முன்னால் நிறுத்தினார். "தோ, இங்கதான் இருக்கா. கூப்ட்டாலும் எழுந்து வரமாட்டா. வோணும்னா கூப்ட்டுப் பாரு" என்றார்.

பிள்ளை கூப்பிட்டுப் பார்த்தது. யாரோ சொல்லி நான் ஓடிவந்து சேர்ந்தபோது என் காதில் விழுந்தது அதுதான். கையில் இருந்த குடையை ஓங்கிவிட்டேன். சவுரியம்மாள் நகரவில்லை. "அடி வாத்தியாரே. அடிச்சிட்டுப் போயி மறுபடியும் பொய்யி சொல்லாத. இன்னொரு வாட்டி நான் பாத்துக்கினு இருக்கமாட்டேன்" என்றார். என் கை அப்படியே இறங்கியது. அவருடைய பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு வந்தேன் என்று எழுதப் போனேன். என் பிள்ளை என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அன்றிலிருந்து எது சரி என்று எனக்கே சந்தேகம்.

எஸ்தர் ஜுரத்தில் கிடந்தாள். ஜுரம் விட்டதும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து கடைசி வீட்டுக்குப் போனாள். பின்னாலேயே போய் வெளியே நின்று கேட்டேன். அம்மா கண் மூடியிருந்ததா, பெட்டிக்குள் இருட்டாக இருக்காதா, தம்பிப் பாப்பா எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சவுரியம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் உள்ளதைச் சொன்னார். இருட்டாகத்தான் இருக்கும் என்றார். செத்தவர்களுக்கு அது தெரியாது என்றார். கடைசியில் எஸ்தர், "உங்க லாசர் எங்க?" என்று கேட்டாள். முறத்தில் கை நின்றது. "நான் பொய்யி சொன்னேன். நம்பிப் போயிட்டான்" என்றார். மறுபடி கல் பொறுக்கினார். எஸ்தர் அங்கேயே தூங்கிப்போனாள். சாராள் போன பிறகு அவள் பகலில் தூங்கியது அன்றுதான்.

அதற்காக நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். வெகுகாலம் அவரோடு பேசவில்லை. மகள் இங்கே சாப்பிட்டு அங்கே தூங்கி வளர்ந்தாள். தலை வாருவதும் மீன் ஆய்வதும் அங்கேதான் கற்றாள். "அப்பா, உங்க பாட்டு நல்லா இல்ல" என்று சபையில் வைத்து என்னிடம் சொல்வதற்கும் அங்கேதான் கற்றாள்.

போன மாதம் சவுரியம்மாள் படுத்தார். பார்க்க வந்த பெண்கள் எல்லோரும், "ஒண்ணும் இல்ல, ஞாயித்துக்கெழமைக்குள்ள எழுந்து உக்காந்துடுவீங்க" என்றார்கள். "அந்தப் பொய்ய வெளிய போயி சொல்லுங்க" என்று விரட்டினார். எஸ்தரிடம் மட்டும், "டாக்டரு இன்னா சொன்னாரு?" என்று கேட்டார். "பொழைக்கமாட்டீங்கன்னு சொன்னாரு அத்தே" என்றாள் எஸ்தர். "அப்ப தலையச் சிக்கெடுத்து வாரி வுடு" என்றார்.

திங்கட்கிழமை சாயங்காலம் சின்னப்பன் சொல்லி அனுப்பி நானும் போனேன். அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். சவுரியம்மாளுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. மில் வழக்கம்போல் இடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று கண்ணைத் திறந்தார். முகத்தில் நான் தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்ட அந்தப் பழைய சிரிப்பு இருந்தது.

"எஸ்தரு, கடல் சத்தம் கேக்குதா?" என்றார்.

சின்னப்பன் தலையைக் குனிந்துகொண்டார். என் வாய் திறந்துவிட்டது. கேட்கிறது என்று சொல்ல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அந்தத் தொழிலில் எனக்குப் பழக்கம் உண்டு. ஆனால் கேள்வி என்னிடம் இல்லை.

"இல்ல அத்தே. மில்லு ஓடுது" என்றாள் எஸ்தர்.

சவுரியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. அது கோபமா, திருப்தியா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. "ஆமா. மில்லுதான்" என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. சின்னப்பன் எழுந்து வெளியே போனார். இத்தனை வருஷமாக அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று வாசலில் உட்கார்ந்து அழுதார்.

நானும் எஸ்தரும் வாசலுக்கு வந்தோம். என்னால் பொறுக்க முடியவில்லை. "சாகிற நேரத்தில் ஒரே ஒரு தரம் கேக்குதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். அவள் முகம் நனைந்திருந்தது. "சொல்லணும்னுதான் நெனச்சேன்பா" என்றாள். "எனுக்கு வரல." சொல்லிவிட்டு உள்ளே திரும்பிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

சவுரியம்மாளிடமிருந்து என் பங்குக்கு வந்திருப்பது, பொய் சொல்ல வராத இந்த மகள். அவளை அவர் மேட்டிலிருந்து இழுத்து வந்து கொடுத்தார். அதற்கான கூலியைத் திங்கட்கிழமை அவள் கையாலேயே வாங்கிக்கொண்டார். இன்னொன்றும் இருக்கிறது. வாய்வரை வந்து நான் சொல்லாமல் விட்ட அந்த ஒரு "கேக்குது". மில் சத்தம் காதில் விழாமல் இத்தனை வருஷம் இந்த ஊரில் வாழ்ந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து விழுகிறது.